ஷூ மாட்டுவதற்கு முன் நடக்கும் பேரம்

ஆய்வுக்கூடக் கூண்டுகளில் எலிகளுக்கு வைக்கும் ஓட்டச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வெட்டவெளியில் வைத்தால் என்ன ஆகும்? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹன்னா மையர் அதைச் செய்து பார்த்தார். ஒரு சக்கரம் ஊருக்குள் மரம் செடி மண்டிய ஓரிடத்தில், இன்னொன்று ஆள் நடமாட்டமில்லாத கடலோர மணல்மேட்டில். சின்னஞ்சிறு பிராணிகள் மட்டும் நுழையக்கூடிய அடைப்பு, இருட்டிலும் படம்பிடிக்கும் கேமரா, ஆசை காட்டக் கொஞ்சம் தீனி. அடைபட்டுக் கிடக்கிற எலிதான் வேறு போக்கில்லாமல் சக்கரத்தில் ஓடுகிறது, அது கூண்டு தரும் கோளாறு என்றொரு சந்தேகம் அறிவியலாளர்களுக்கு வெகுநாளாக உண்டு. 2014இல் வெளியான முடிவு அந்தச் சந்தேகத்தை உடைத்தது. சுதந்திரமாகத் திரியும் எலிகள் தாமாக வந்து ஏறின, ஓடின, இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் ஓடின. மூஞ்சூறு ஓடியது. தவளை ஏறிப் பார்த்தது. ஓடில்லாத நத்தைகூடத் தன் வேகத்தில் ஓடியது. தீனியை எடுத்துவிட்ட பிறகும் சக்கரம் சுற்றுவது நிற்கவில்லை.

ஓட வேண்டும் என்ற உந்துதல் உயிர்களுக்குள் அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதென்றால், காலை 5 மணிக்கு அலாரத்தை அணைத்துவிட்டு ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று திரும்பிப் படுக்கிற மனிதருக்கு என்ன குறை? பெரிதாக எதுவுமில்லை. அவர் மண்டைக்குள் அந்த நேரத்தில் ஒரு பேரம் நடக்கிறது. எலிக்கு அந்தத் தொல்லை கிடையாது; சக்கரம் எதிரில் இருக்கிறது, ஏறுகிறது. மனிதரோ படுக்கையில் கிடந்தபடி, இன்னும் தொடங்காத ஓட்டத்துக்கு விலை போடுகிறார்.

அந்த விலையைப் போடுவதில் முக்கியப் பங்கு டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்கு. இன்பம் தரும் ரசாயனம் என்று வாட்ஸப்பில் அதற்குப் பெயர் கெட்டுப்போயிருக்கிறது. உண்மை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜான் சாலமோன் 1990களில் எலிகளுக்கு இரண்டு கிளைப் பாதைகளைக் கொடுத்தார். ஒன்றின் முடிவில் கொஞ்சம் தீனி, தடை ஏதுமில்லை. மற்றதில் நிறையத் தீனி, ஆனால் நடுவே ஒரு தடுப்பைத் தாண்ட வேண்டும். சாதாரண எலி தடுப்பில் ஏறியது. மூளையின் ஆழத்தில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதியில் டோபமைனைக் குறைத்த எலி, கஷ்டமில்லாத பக்கம் போய்க் கிடைத்ததைத் தின்றுவிட்டு நின்றுகொண்டது. அதற்குப் பசி குறையவில்லை. தடுப்பில் ஏறத் தெரியாமலும் போகவில்லை. மறுபக்கம் தீனியே இல்லை என்றால் ஏறத்தான் செய்தது. மாறியது ஒன்றே ஒன்று: ‘இதற்கு இவ்வளவு பாடுபடலாமா’ என்ற கேள்விக்கான விடை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இதை இன்னும் ஒரு படி பிளந்து காட்டினார். டோபமைன் அநேகமாக முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாகச் சாப்பிடாது. ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். அதே எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டினால், மற்ற எலிகள் போலவே சப்புக்கொட்டி ரசிக்கும். ரசிப்பது வேறு, தேடிப் போவது வேறு. மூளையில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு. ஓடி முடித்துவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கிற திருப்தியை முழுதாக அனுபவிக்கிற ஒருவரால், மறுநாள் காலை அதைத் தேடி எழ முடியாமல் போவது இதனால் முரண்பாடே அல்ல.

சோம்பேறி என்று வீட்டில் பெயர் வாங்கியவர்களுக்கு ஆக்ஸ்போர்டிலிருந்து ஓர் ஆறுதல் உண்டு. மசூத் ஹுசைனின் குழு 40 பேரை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, கையில் ஒரு பிடியைக் கொடுத்து, ‘இவ்வளவு பலமாக அழுத்தினால் இவ்வளவு பரிசு, சம்மதமா’ என்று மாற்றி மாற்றிக் கேட்டது. எதிலும் நாட்டம் குறைந்தவர்களின் மூளை அப்போது மந்தமாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அசைவுக்குத் தயார் செய்யும் பகுதி அவர்களிடம் கூடுதலாக வேலை செய்தது. முடிவெடுக்கும் இடத்துக்கும் செயலைத் தொடங்கும் இடத்துக்கும் இடையிலான நரம்பிணைப்பு அவர்களுக்கு அவ்வளவு திறமானதாக இல்லை. ‘சரி’ என்பதை ‘எழு’ என்று மாற்றவே அவர்கள் மூளை அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

உடலை அசைக்க இவ்வளவு கணக்குப் பார்க்கும் கஞ்சத்தனம் நமக்கு ஏன் வந்தது? ஓட்டத்துக்கான செலவுக் கணக்கு எளிது: ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300. அது 5, 6 இட்லி. நமக்கு அது சட்னி சாம்பாரோடு அரைமணி நேரத்தில் ஈடாகிவிடும். கிழங்கு தோண்டியும் வேட்டையாடியும் பிழைத்தவர்களுக்கு அது மறுநாள் தேட வேண்டிய உணவு. காரணமில்லாமல் ஓடிக் களைத்தவர் பிள்ளை பெறவும் நோயை எதிர்க்கவும் வேண்டிய சக்தியை வீணடித்தவர் ஆவார். ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் இதை வலியுறுத்திச் சொல்லி வருகிறார்: நீண்ட தூரம் ஓடுவதற்கேற்ற கால்களும் வியர்த்துக் குளிரும் தோலும் நமக்குப் பரிணாமத்தில் கிடைத்தன, தேவையில்லாதபோது ஓடும் ஆசை கிடைக்கவில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்களில் ஒரு பகுதியினர் இன்றும் வேட்டையாடி உணவு திரட்டுபவர்கள். அவர்களே பகலில் 10 மணி நேரம்வரை உட்கார்ந்தும் குந்தியும் ஓய்வெடுக்கிறார்கள். வேலை வந்தால் நம்மைவிடப் பல மடங்கு நடப்பார்கள் என்பது வேறு.

ஆக, பேரத்தின் ஒரு தரப்பு லட்சக்கணக்கான ஆண்டு அனுபவத்தோடு வருகிறது. எதிர்த்தரப்பு? அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. திட்டமிடுவதும் நீண்ட நாள் பலனை நினைவில் வைத்திருப்பதும் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்னெற்றிப் புறணியின் வேலை. கண் விழித்ததும் மூளை முழுவதும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. மூச்சையும் விழிப்பையும் கவனிக்கும் அடிப்பகுதிகளுக்கு ரத்த ஓட்டம் சில நிமிடங்களில் திரும்பிவிடுகிறது. முன்னெற்றிப் புறணி கடைசியாக வந்து சேர்கிறது. இந்த இடைவெளிக்குத் துயில்மந்தம் என்று பெயர் வைக்கலாம்: விழித்தபின்னும் மூளையில் தங்கியிருக்கும் தூக்கத்தின் மிச்சம். வழக்கமாக 15 முதல் 30 நிமிடம் நீடிக்கும், தூக்கம் போதாவிட்டால் இன்னும் கூடும். உடலின் உள்வெப்பமும் வழக்கமாக எழும் நேரத்துக்கு ஓரிரு மணி நேரம் முன்புதான் அன்றைய அடிமட்டத்தைத் தொட்டிருக்கும். வழக்கத்தைவிட முன்னதாக அலாரம் வைப்பவர் ஏறத்தாழ அந்தக் குழியிலேயே கண் விழிக்கிறார். போகலாமா வேண்டாமா என்ற வழக்கை அந்த நேரத்தில் விசாரணைக்கு எடுப்பதே தவறு, வக்கீல் வரவில்லை.

சரி, எப்படியோ எழுந்து வாசலைத் தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சில நிமிடங்களில் உடலுக்குள் நடப்பதைத்தான் நான் இந்த விஷயத்திலேயே ஆகப்பெரிய வித்தை என்பேன்.

முதல் எட்டை வைத்த அதே நொடியில் மூச்சும் நாடித்துடிப்பும் ஏறுகின்றன. தசை இன்னும் ஆக்சிஜன் கேட்கவில்லை, ரத்தத்தில் கரியமில வாயு கூடவில்லை, ஆனாலும் ஏறுகின்றன. கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோக், யோஹன்னஸ் லிண்ட்ஹார்ட் இருவரும் 1913இலேயே இதை அளந்துவிட்டார்கள். காலுக்கு ‘ஓடு’ என்று கட்டளை அனுப்பும்போதே மூளை அதன் நகலை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அனுப்பிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். பில் வருவதற்கு முன்பே பணத்தை எடுத்து வைக்கிற ஏற்பாடு.

இருந்தும் போதாது. தசை நேரடியாக எரிப்பது ஏடிபி என்ற மூலக்கூறை. கையிருப்பு இரண்டு மூன்று நொடிக்குத்தான் வரும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் என்ற அவசரச் சேமிப்பு திறக்கும், அது பத்து நொடி அளவில் இறங்கிவிடும். அதற்குள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் வழி முழுவீச்சில் தொடங்கிவிடும். வேகமானது, ஆனால் தசையை அமிலமாக்கிக் கால்களைக் கனக்கச் செய்கிற சூழலும் அதனோடு வரும். ஆக்சிஜனை வைத்து நிதானமாக எரிக்கும் முறை முழுமையாகக் கைகொடுக்க இரண்டு, மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை உடல் கடனில் ஓடுகிறது. உடலியல் நூல்கள் இதை ஆக்சிஜன் பற்றாக்குறை என்கின்றன: தேவைக்கும் வரத்துக்கும் இடையே தொடக்கத்தில் விழும் துண்டு.

இதற்கிடையே ரத்த ஓட்டமே திருப்பிவிடப்படுகிறது. சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது, அதில் தசைகளுக்குப் போவது ஏறக்குறைய 1 லிட்டர். ஓடும்போது சாதாரண மனிதருக்கும் மொத்தம் 15 லிட்டருக்கு மேல் போகும், அதில் பெரும்பங்கு தசைக்கே. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற குழாய்கள் சுருங்குகின்றன, தொடையின் நுண்குழாய்கள் அகல்கின்றன. வயிற்றில் சாப்பாட்டோடு ஓடினால் ஏன் குமட்டுகிறது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. இத்தனை மடைகளையும் மாற்றித் திறந்து முடித்த பிறகுதான் மூச்சு ஓர் ஒழுங்குக்கு வருகிறது. கால் தானாகப் போவது போலிருக்கிறது. முதல் சில நிமிடம் கொன்றுவிடும், அப்புறம் போகப் போகச் சரியாகிவிடும் என்று பெசன்ட் நகர் கடற்கரையில் எந்த ஓட்டக்காரரும் சொல்வார். அவர் சொல்வது மனப்பிரமை அல்ல, ஆக்சிஜன் கணக்கு.

இனி பரிசு. ஓடியபின் வரும் குதூகலத்தை உடலே சுரக்கும் எண்டார்பின் தருகிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தோம். ரத்தத்தில் ஏறும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாத அளவு பெரிய மூலக்கூறு என்பது அந்தக் கதையின் பலவீனம். 2015இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளை ஓடவிட்டார்கள். ஓடிய எலிகளுக்குப் பயம் குறைந்தது, வலி குறைவாகத் தெரிந்தது. எண்டார்பின் ஏறும் வாயில்களை மருந்தால் அடைத்தார்கள். அமைதி அப்படியே இருந்தது. கஞ்சாவின் வேதிப்பொருள் ஏறும் வாயில்களை அடைத்தபோது அது காணாமல்போனது. நம் உடலே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களைச் சுரக்கிறது. உள்ளூறும் கன்னாபினாய்டுகள் என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றில் பிரபலமானது ஆனந்தமைடு. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறு என்பதால் மூளைக்குள் சுலபமாகப் போய்விடும். 2021இல் மனிதர்களிடம் நடந்த சோதனையிலும் எண்டார்பின் வாயில்களை அடைத்தது ஓடியவர்களின் குதூகலத்தைத் தடுக்கவில்லை.

இந்தப் பரிசு எல்லாப் பிராணிக்கும் உண்டா? அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரைக்லன் 2012இல் மனிதர்கள், நாய்கள், ஃபெரெட்டுகள் மூன்றையும் டிரெட்மில்லில் ஓடவிட்டார். ஃபெரெட் என்பது கீரியைப் போல நீண்ட உடல்கொண்ட, குறுந்தூரம் பாய்ந்து இரை பிடிக்கும் பிராணி. அரைமணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மனிதருக்கும் நாய்க்கும் ரத்தத்தில் ஆனந்தமைடு ஏறியிருந்தது. ஃபெரெட்டுக்கு ஏறவில்லை. நெடுந்தூரம் ஓடிப் பிழைத்த இனங்களுக்கு இயற்கை கூலி கொடுத்திருக்கிறது போலும். நடந்தபோது மனிதருக்கும் ஏறவில்லை என்பதை நடைப்பயிற்சிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

மிக விசித்திரமான தகவல் 2022இல் வந்தது, வயிற்றிலிருந்து. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃப் தைஸ் குழு, சில எலிகள் சளைக்காமல் ஓடுவதும் சில சீக்கிரம் நின்றுவிடுவதும் ஏன் என்று மரபணுவில் தேடியது. அங்கே பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்ததும் ஓட்டத்திறன் பாதியாகச் சரிந்தது. தொடர்ந்து துப்புத் துலக்கியதில் பாதை தெரிந்தது: சில பாக்டீரியாக்கள் ஒருவகைக் கொழுப்பு அமைடுகளைச் செய்கின்றன, அவை குடலின் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன, செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்கு ஏறுகிறது, அங்கே டோபமைன் கூடுதல் நேரம் நிலைக்கிறது. அந்த நரம்பு முனைகளில் இருக்கும் உணர்வான் எது தெரியுமா? மிளகாயின் காரத்தை நாக்குக்கு உணர்த்தும் அதே டிஆர்பிவி1. அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. எலியில் தெரிந்ததை மனிதருக்கு அப்படியே நீட்டக் கூடாது. ஆகவே காரச் சட்னி சாப்பிட்டால் மாரத்தான் ஓடலாம் என்று யாரும் பார்வர்டு செய்ய வேண்டாம்.

இவ்வளவு பரிசு காத்திருந்தும் படுக்கையில் கிடக்கும் மூளை ஏன் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ரூபி, எலிசபெத் டன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. உடற்பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார்கள், முடித்த பிறகும் கேட்டார்கள். லேசான பயிற்சியோ கடினமானதோ, ஜிம்மிலோ யோகா வகுப்பிலோ, பிடித்த அளவு முன்பு நினைத்ததைவிட அதிகமாகவே இருந்தது. காரணம், மதிப்பிடும்போது மனம் தொடக்கத்தை மட்டுமே பெரிதாகப் பார்க்கிறது. மேலே சொன்ன அந்தக் கடன்கால நிமிடங்கள்தான் முழு ஓட்டத்துக்கும் பிரதிநிதியாக வந்து நிற்கின்றன. சினிமாவை டைட்டில் போடுவதோடு விமர்சனம் செய்கிற மாதிரி.

பேரத்தில் ஜெயிக்க மன உறுதியைப் பெருக்குவதைவிட, பேரமே நடக்காமல் பார்த்துக்கொள்வது மலிவு. பிரிட்டனில் சேரா மில்ன் குழு 2002இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் தீவிரமாகப் பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இரண்டாவது குழுவுக்கு மாரடைப்பு அபாயத்தை விளக்கி ஊக்கமூட்டினார்கள்; 35 சதவீதம். அச்சமூட்டும் மேடைப்பேச்சின் சாதனை அவ்வளவுதான். மூன்றாவது குழுவிடம் அதே விளக்கத்தோடு ஒரே ஒரு வாக்கியம் எழுதி வாங்கினார்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில். 91 சதவீதம். மூளை புதிதாக எதையும் விரும்பத் தொடங்கவில்லை. ‘போகலாமா’ என்ற கேள்வி முந்தைய நாளே, வக்கீல் விழித்திருந்தபோதே, தீர்ந்துவிட்டது.

இன்னொரு தந்திரம் பரிசைக் கிட்டத்தில் கொண்டுவருவது. பென்சில்வேனியாவின் கேத்தரின் மில்க்மன், கேட்கத் தொடங்கினால் நிறுத்த முடியாத நாவல்களின் ஒலிப்புத்தகங்களை ஐபாடில் ஏற்றி, அந்த ஐபாடை ஜிம்மிலேயே பூட்டிவைத்தார். அடுத்த அத்தியாயம் வேண்டுமா, ஜிம்முக்கு வா. தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக வந்தார்கள். இடையில் ஒரு நீண்ட விடுமுறை வந்தது, பழக்கம் கலைந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அந்தச் சறுக்கல்தான். எந்தச் சூழ்ச்சிக்கும் தீபாவளி லீவு போல ஒன்று வரத்தான் செய்யும்.

பழக்கமாக மாற எத்தனை நாள்? 21 நாள் என்று யாரோ கிளப்பிவிட்டது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தபோது நடுமதிப்பு 66 நாள் வந்தது. வேகமானவருக்கு 18, மெதுவானவருக்குக் கணக்கின்படி 254. தண்ணீர் குடிப்பது போன்ற பழக்கங்களைவிட உடற்பயிற்சி அதிக நாள் எடுத்துக்கொண்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய சேதம் எதுவும் செய்யவில்லை.

எது பழக்கமாக வேண்டும் என்பதிலும் ஒரு நுட்பம். எம்ஐடியின் ஆன் கிரேபியல் எலிகளின் மூளையில் மின்முனைகளை வைத்து, ஒரு பாதையை அவை பழகும்போது கவனித்தார். முதலில் வழிநெடுக நரம்பணுக்கள் துடித்தன. பழகிய பிறகு தொடக்கத்தில் ஒரு துடிப்பு, முடிவில் ஒரு துடிப்பு. இடையில் கிட்டத்தட்ட அமைதி. முழுச் செயலும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டது. மனிதர்களிடம் 2016இல் அலிசன் பிலிப்ஸ், பெஞ்சமின் கார்டனர் இருவரும், தொடங்கும் பழக்கத்தையும் செய்யும் பழக்கத்தையும் பிரித்து அளந்தார்கள். ஒருவர் எத்தனை தடவை உடற்பயிற்சி செய்வார் என்பதை முன்னதுதான் சொன்னது. எந்தச் சாலை, எவ்வளவு தூரம், என்ன வேகம் என்பதைத் தினமும் மாற்றிக்கொள்ளலாம். பல் விளக்கியதும் கை தானாக ஷூ லேஸைத் தேடுகிறதா என்பதுதான் கேள்வி.

அப்படித் தேடத் தொடங்கிவிட்டால் வேறொரு சிக்கல் முளைக்கிறது. நியூயார்க்கில் ஃப்ரெடெரிக் பேக்லண்ட் என்ற மனநல மருத்துவர், உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் என்ன ஆகிறது என்று அறிய விரும்பினார். ஒரு மாதம் பயிற்சி செய்யாமல் இருக்க வேண்டும், அதற்குப் பணம் உண்டு என்று ஆள் தேடினார். வாரம் 5, 6 நாள் பயிற்சி செய்பவர்கள் மறுத்தார்கள். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றார்கள். கடைசியில் வாரம் 3, 4 நாள் மட்டும் செய்பவர்களை வைத்து ஒப்பேற்றி, 1970இல் முடிவை வெளியிட்டார். அந்த ஒரு மாதத்தில் அவர்களுக்கே தூக்கம் கெட்டது, இரவில் அடிக்கடி விழித்தார்கள், படபடப்பு கூடியது.